மழையில் பழைய கார்: தங்கவயல் சாலை கற்பிக்கும் பாடம்



கோலார் தங்கவயலைச் சொந்த ஊராகக் கொண்ட அநேகர் இன்று பெங்களூரிலும் சென்னையிலும் குடியிருக்கிறார்கள். 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலைக் கையிலெடுத்த நாள்முதல், வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலான பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறின. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் அவர்கள் உழைத்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் பிள்ளைகள் பிழைப்பின் நிமித்தம் நகரங்களுக்குப் போனார்கள். பெற்றோர் பலர் அதே லைன் வீடுகளில் தங்கிவிட்டார்கள். ஆகவே பண்டிகை என்றாலும், கல்யாணம் என்றாலும், துக்கச் செய்தி என்றாலும், சுமார் 100 கிலோமீட்டர் தூரமுள்ள பெங்களூர் - தங்கவயல் சாலை நம்மவருக்கு மிகவும் பழகிய சாலையாகிவிட்டது.

இவர்களில் சில குடும்பங்களில் தகப்பனார் வாங்கி வைத்த அம்பாசிடரோ பியட்டோ இன்னும் இருக்கிறது. அதை விற்க மனம் வராது. வருஷத்தில் நாலைந்து தடவை துடைத்து, எண்ணெய் பார்த்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் புறப்படுவார்கள். வெயில் நாளில் அது இன்பமான பிரயாணம். மழை வந்துவிட்டாலோ அதே வண்டி வேறு வண்டியாகிவிடுகிறது. மழையில் பழைய கார் எப்படி நடந்துகொள்ளும், அதை எப்படி நடத்த வேண்டும் என்பதை இம்மாதம் சற்று விரிவாகச் சிந்திப்போம். இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அல்ல. பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் உயிரைப் பற்றிய காரியம்.

இந்த வண்டிகள் எந்தக் காலத்தவை?

இங்கிலாந்தில் 1956-ஆம் ஆண்டு வெளிவந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரே நம் அம்பாசிடரின் மூலம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 மே மாதம்வரை அதை உற்பத்தி செய்தது. பியட் 1100 டிலைட் என்ற பெயரில் 1964-இல் மும்பையில் உருவாகத் தொடங்கிய கார், பின்பு பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறி, 2001-வரை வந்தது. தங்கவயலின் சுரங்கமும் பத்மினியின் உற்பத்தியும் முடிவுக்கு வந்தது ஒரே ஆண்டில். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1960-களில் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களும் நம் ஜனங்களுக்குப் பரிச்சயமானவை.

இம்மூன்றும் வடிவமைக்கப்பட்டது 1950-களின் அறிவைக் கொண்டு. அந்நாட்களின் சாலைகளும் வேகங்களும் வேறு. இன்றைய காரில் சக்கரம் வழுக்கினால் ஏ.பி.எஸ். என்னும் கருவி தானாகவே பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய கார்கள் யாவற்றிலும் அது இருக்க வேண்டும் என்பது சட்டம். பழைய காரில் அப்படிப்பட்ட துணை ஒன்றும் இல்லை. ஓட்டுகிறவர் செய்யும் பிழையை வண்டி திருத்தாது. ஆயினும் அதற்கு ஒரு நற்குணம் உண்டு: ஆபத்து நெருங்கும்போது பெரும்பாலும் முன்னதாகவே அடையாளம் காட்டும். ஸ்டியரிங்கின் வழியாகவும், பெடலின் வழியாகவும், என்ஜின் சத்தத்தின் வழியாகவும் அது பேசும். அந்தப் பேச்சைப் புரிந்துகொள்வதே மழையில் பழைய கார் ஓட்டும் கலை.

முன்மாரியே அதிக ஆபத்து

கோலார் வறண்ட மாவட்டம். மழையில் பெரும்பங்கு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பெய்கிறது. அதற்கு முன் பல வாரங்கள் சாலையில் தூசியும், லாரிகள் சிந்திய எண்ணெயும், டயர்கள் தேய்த்துவிட்ட ரப்பர்த் துகளும் படிந்து கிடக்கும். முதல் மழையின் முதல் அரைமணி நேரத்தில் இவை நீரோடு கலந்து சவர்க்காரம்போல் வழுக்கும். பலத்த மழை நீடித்துப் பெய்து கழுவிவிட்ட சாலையைவிட, தூறல் தொடங்கிய சாலையே அதிக மோசம். அநேகர் இதை மாற்றி எண்ணுகிறார்கள். தூறல்தானே என்று வேகத்தைக் குறைப்பதில்லை.

தங்கவயலுக்குள் வந்தபின் இன்னொரு விசேஷமும் உண்டு. தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட சயனைடு மேடுகள் ஊரைச் சுற்றிலும் வெண்சாம்பல் மலைகளாய் நிற்கின்றன. மாவுபோல் அரைக்கப்பட்ட பாறைத் தூள் அது. மழை அந்த மேடுகளில் ஆழமான வரிகளை அரித்து, மண்ணைக் கீழே கொண்டுவருகிறது. மேட்டின் அடிவாரத்தை ஒட்டிய சாலையில் சாம்பல்நிறச் சேறு படிந்திருக்கக் கண்டால், அதைத் தார்ச்சாலை என்று எண்ணாதிருங்கள். அங்கே பிரேக்கைத் தொடாமல், கியரைக் குறைத்து, நேராகக் கடந்து செல்லுங்கள்.

பிரேக்: நனைந்தால் கேளாது

பழைய அம்பாசிடரிலும் பத்மினியிலும் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். ஒரு வட்டமான இரும்புக் கூண்டுக்குள் இரண்டு பிரேக் கட்டைகள் விரிந்து உரசுவதால் சக்கரம் நிற்கிறது. தேங்கிய நீருக்குள் வண்டி இறங்கினால் கூண்டுக்குள் தண்ணீர் புகும். கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே நீர்ப்படலம் நின்றுவிடும். அப்போது பெடலை மிதித்தால் கால் கீழே போகும், வண்டி நிற்காது. ஒரு பக்கத்துச் சக்கரம் மட்டும் நனைந்திருந்தாலோ, மிதித்தவுடன் வண்டி மறுபக்கமாக இழுக்கும். புதிய கார்களின் டிஸ்க் பிரேக் வெளியே திறந்திருப்பதால் இரண்டொரு சுழற்சியில் நீரை உதறிவிடும். மூடிய டிரம் அப்படிச் செய்யாது.

இதற்குப் பரிகாரம் எளிது. நீரைக் கடந்து வந்தவுடன், பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகச் செல்லும்போதே பெடலைச் சில விநாடிகள் இலேசாக அழுத்தியபடி ஓட்டுங்கள். உரசும் சூட்டில் நீர் ஆவியாகும். பிரேக் மறுபடியும் பிடிப்பதைக் காலே உணரும். அதை உணராதவரை வேகம் எடுக்கலாகாது.

இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ப் பாதைதான். ஓரிடத்தில் ரப்பர் குழாய் வெடித்தாலும் நான்கு பிரேக்கும் போய்விடும். அப்போது துணையாக நிற்பது கம்பியால் பின்சக்கரங்களைப் பிடிக்கும் கைபிரேக் மட்டுமே. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஆகவே வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுவது நலம். கைபிரேக் கம்பியையும் மழைக்காலத்துக்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

ஒரு சிறு கணக்கு

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகிறது என்று கொள்வோம். நல்ல காய்ந்த சாலையில் அதற்குமேல் 20 மீட்டரில் வண்டி நிற்கக்கூடும். நனைந்த சாலையில் டயரின் பிடிமானம் பாதியாகக் குறைந்தால், அந்த 20 மீட்டர் 40 ஆகும். ஆக மொத்தம் 57 மீட்டர். அதே நனைந்த சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் மொத்தம் 30 மீட்டருக்குள் நின்றுவிடலாம். வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால், நிற்கும் தூரம் பாதியாகிறது. ஹொஸ்கோட்டையிலிருந்து கோலார் வரையில் இப்படிக் குறைத்து ஓட்டினால் பிரயாணம் அரைமணி நேரத்துக்குள்தான் நீளும். அந்த அரைமணி நேரத்துக்காக எதையெல்லாம் பணயம் வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

2024-ஆம் ஆண்டின் இறுதியில் ஹொஸ்கோட்டையிலிருந்து பேத்தமங்கலம் பக்கமாக விரைவுச்சாலையின் கர்நாடகப் பகுதி திறக்கப்பட்டபின், தங்கவயலுக்கு விரைவாய் வந்து சேரலாம் என்று பலர் அவ்வழியே வருகிறார்கள். மற்ற வண்டிகள் 100, 120 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் அந்தச் சாலை, மழையில் 40-இல் செல்ல வேண்டிய பழைய காருக்கு ஏற்றதல்ல. நரசாபுரம், கோலார், பங்காருபேட்டை வழியான பழைய பாதையே அதற்குத் தகுந்தது.

டயரும் வளைவும்

பழைய காரின் டயர் குறுகலானது. அகலமான டயரைவிடக் குறுகிய டயர் தேங்கிய நீரைக் கிழித்துக்கொண்டு செல்லும். அது ஒரு நன்மை. ஆனால் அநேக வண்டிகளில் இன்னும் நைலான் டயரே கிடக்கிறது. ரேடியல் டயரைப்போல் அது ஈரச் சாலையில் படிந்து பிடிப்பதில்லை. மேலும், எப்போதாவது ஓடும் வண்டியின் டயர் தேய்வதில்லை. பள்ளங்கள் ஆழமாகவே தெரியும். ஆனால் ரப்பர் இறுகிக் கட்டையாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்களைத் தேடிப் பாருங்கள். 3218 என்றிருந்தால், 2018-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று அர்த்தம். பழமை மிகுந்துவிட்டால், பார்வைக்குப் புதிதாயிருந்தாலும் மாற்றிவிடுவதே ஞானம்.

நீர் நிறைந்த இடத்தில் வேகமாகப் போனால், டயர் நீரை வெளியே தள்ள நேரமின்றி அதன்மேல் மிதக்கத் தொடங்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய காரில் அது உடனே கைக்குத் தெரியும். கனமாயிருந்த ஸ்டியரிங் சட்டென்று இலேசாகிவிடும். அதுவே எச்சரிப்பு. அப்போது பிரேக்கை மிதிக்கவும் கூடாது, ஸ்டியரிங்கைத் திருப்பவும் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, கையை நேராகப் பிடித்திருங்கள். கனம் திரும்பிவந்தால் பிடிமானமும் திரும்பிவிட்டது.

இவ்வண்டிகளில் என்ஜினின் சக்தி பின்சக்கரங்களுக்குப் போகிறது. பத்மினியிலும் அம்பாசிடரிலும் பின் ஆக்ஸில் ஒரே தண்டாக லீஃப் ஸ்பிரிங் பட்டைகளின்மேல் நிற்கிறது. குண்டும் குழியுமான வளைவில் அது துள்ளும். துள்ளும்போது ஈரத்தில் பின்பக்கம் விலகும். ஆகவே வளைவுக்கு முன்பாகவே, வண்டி நேராயிருக்கும்போதே, வேகத்தைக் குறைத்து மூன்றாம் கியருக்கோ இரண்டாம் கியருக்கோ வந்துவிடுங்கள். வளைவுக்குள் கால் அசையாமல் சீராகச் செல்லுங்கள். பின்பக்கம் விலகினால் எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பி, காலை மெதுவாக எடுத்தால் வண்டி நேராகும். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இன்னும் அதிக ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். அதன் பின்சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் அமைப்புள்ளவை. வளைவின் நடுவே திடீரெனக் காலை எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ, பின்பகுதி எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கி, வண்டி சுழன்றுவிடக்கூடும். 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெசலில் இந்த அமைப்பை மாற்றி ஒரே தண்டு ஆக்ஸில் வைத்தார்கள்.

என்ஜின் இருமினால்

மழையில் பழைய கார் வழியில் நிற்பதற்கு முக்கிய காரணம் டிஸ்ட்ரிபியூட்டர் நனைவதே. காயிலிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அது. அதன் மூடியின்மேலோ ஒயர்களின்மேலோ ஈரம் படிந்தால், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே வீணாகிவிடும். என்ஜின் முதலில் இருமும், பிறகு இழுவை குறையும், அதன்பின்தான் நிற்கும். முதல் இருமலிலேயே ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து, காய்ந்த துணியால் மூடியையும் உட்பக்கத்தையும் ஒயர்களையும் துடைத்தால் பெரும்பாலும் வண்டி மறுபடியும் உயிர் பெறும். ஆகவே நல்ல பருத்தித் துணி இரண்டை நனையாத பையில் கட்டி வைத்திருங்கள்.

முற்காலத்து வண்டிகளில் பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுவது டைனமோ. என்ஜின் மெதுவாக ஓடும்போது அது மிகவும் குறைவாகவே மின்சாரம் தரும். இரவு மழையில் நகர எல்லையில் நெரிசலில் நிற்கும்போது ஹெட்லைட், வைப்பர் யாவும் பேட்டரியையே குடித்துக்கொண்டிருக்கும். விளக்கு மங்கினால் அதுவும் ஓர் அடையாளம். நிற்கும் வேளையில் ஆக்ஸிலரேட்டரைச் சற்றே அழுத்தி வையுங்கள். பின்விளக்குகளின் கண்ணாடியையும் துடைத்து வையுங்கள். சிறிய பல்பும் துருப்பிடித்த எர்த் இணைப்பும் உள்ள வண்டி, மழையில் பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

கண்ணாடியும் காலணியும்

வைப்பரின் ரப்பர் வெயிலில் காய்ந்து விறைத்துப்போகும். மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு சொற்பம். பழைய காரில் கண்ணாடியின் உட்பக்கத்து ஆவியை நீக்க ஏ.சி. இல்லை. ஐந்து பேர் உட்கார்ந்து கதவுகளை மூடினால் சில நிமிஷங்களில் எதிரே ஒன்றும் தெரியாது. முன்கதவின் சிறிய முக்கோணக் கண்ணாடியைச் சற்றே திறந்து வைத்தால் காற்று உள்ளே ஓடும். மடியில் கொஞ்சம் சாரல் விழுந்தாலும் கண்ணுக்கு வழி தெரியும். நனைந்த செருப்போடு ஓட்டாதிருங்கள். தேய்ந்த பெடல் ரப்பரின்மேல் ஈரச் செருப்பு வழுக்கி, பிரேக்கிலிருந்து கால் நழுவுவது ஒரு நொடியில் நடந்துவிடும்.

தேங்கிய நீரைக் கண்டால்

ரயில் பாதைக்குக் கீழே செல்லும் வழியிலோ, ஏரிக்கரை உடைந்து நீர் ஓடும் பள்ளத்திலோ, ஆழம் தெரியாமல் வண்டியை இறக்கலாகாது. ஓடும் நீர் முழங்கால் அளவே இருந்தாலும் காரைத் தள்ளிவிடும். ஆழம் குறைவு என்று நிச்சயமாய்த் தெரிந்தால் மட்டும், முதல் கியரில், நிற்காமல், கியர் மாற்றாமல், என்ஜின் சத்தம் ஒரே சீராயிருக்கும்படி கடந்து போங்கள். பழைய மெக்கானிக்குகள் நீரைக் கடக்கும் முன் பேன் பெல்ட்டைக் கழற்றிவிடுவார்கள். இல்லையென்றால் விசிறி தண்ணீரை வாரி டிஸ்ட்ரிபியூட்டரின்மேல் அடிக்கும். அக்கரை சேர்ந்தவுடன் மறவாமல் மாட்டிவிடுவார்கள். நடுநீரில் என்ஜின் நின்றுவிட்டால் மறுபடியும் ஸ்டார்ட் செய்யாமல், இறங்கித் தள்ளுவதே என்ஜினுக்கு நல்லது.

தட்டிக் கேட்டவர்களின் பிள்ளைகள்

தங்கவயல் ஜனங்களுக்கு இந்தப் பாடம் அந்நியமானதல்ல. சுரங்கத்தில் வேலை தொடங்குமுன் இரும்புக் கம்பியால் மேற்பாறையைத் தட்டி அதன் ஓசையைக் கேட்பது சுரங்கத் தொழிலாளரின் பழைய வழக்கம். கணீரென்று ஒலித்தால் பாறை உறுதி. பொள்ளென்று ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. சாம்பியன் ரீப் போன்ற ஆழமான சுரங்கங்களில் பாறை வெடிப்புகள் அநேக உயிர்களைக் கொண்டுபோயின. பூமியின் அசைவைக் கருவிகளால் கேட்டு ஆராய்ந்தார்கள். 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமே தங்கவயலில் அமைக்கப்பட்டது. எல்லா ஆபத்தும் முன்னறிவிப்போடு வந்ததில்லை. ஆனாலும் கேட்கப் பழகியவர்கள், கேளாதவர்களைவிட அதிகமாய்த் தப்பினார்கள்.

அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று மௌனமான வண்டிகளில் பழகிவிட்டார்கள். வாரமெல்லாம் நகரத்தில் புதிய காரை ஓட்டிய காலும் கையும், பண்டிகை நாளில் தகப்பனாரின் அம்பாசிடரில் உட்கார்ந்ததும் அதே பழக்கத்தோடு பிரேக்கை மிதிக்கிறது. அதே வேகத்தில் வளைவுக்குள் நுழைகிறது. ஆபத்து அங்கேதான் பிறக்கிறது. வண்டி பழையது என்பதால் அல்ல, நம்முடைய பழக்கம் அதற்குப் பொருந்தாததால்.

ஆகையால் புறப்படும் முன் சில காரியங்களை நிச்சயித்துக்கொள்ளுங்கள். இந்தக் கார்கள் பல சீட் பெல்ட் இல்லாமலே வந்தவை. நல்ல மெக்கானிக்கிடம் காட்டி முன்னும் பின்னும் பெல்ட் பொருத்துங்கள். முன்பக்கத்து நீண்ட இருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பகலானாலும் மழையில் விளக்கைப் போடுங்கள். முன்செல்லும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு இடம் விடுங்கள். பேச்சையும் பாட்டையும் சற்றே நிறுத்தி, வண்டியின் சத்தத்துக்குக் காதுகொடுங்கள். மழை மிஞ்சிப்போனால், கோலாரிலோ பங்காருபேட்டையிலோ ஒரு டீக்கடையின் ஓரத்தில் நிறுத்திக் காத்திருங்கள். ஊரில் காத்திருக்கும் தாயாருக்கு ஒரு போன் போட்டு, "தாமதமாகும்மா, மழை விட்டதும் வருகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். தகரக் கூரையின்மேல் அதே மழையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் அவர்களுக்கு, பிள்ளைகள் சீக்கிரம் வருவதைவிடச் சுகமாய் வந்து சேருவதே பெரிது.